சுட்ட அகலில் ஒரு வாரம் கழித்துச் சில்லு தெறிப்பது ஏன்?

கேள்வி (பாளையங்கோட்டை):
வீட்டின் பின்கட்டில் ஒரு சக்கரமும் சிறிய மின்சூளையும் வைத்துக்கொண்டு, சனி, ஞாயிறுகளில் பத்துப் பிள்ளைகளுக்கு மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொடுத்து வருகிறேன். இதுவரை கடையில் பதப்படுத்திய மண்ணையே வாங்கினேன். இம்முறை, அனுமதி பெற்றுக் குளத்தில் மண் எடுத்த ஒருவரிடம் இரண்டு மூட்டை வாங்கி, 950 டிகிரி செல்சியஸில் சுட்டேன். சூளையிலிருந்து எடுத்தபோது ஒரு குறையும் இல்லை. எட்டாம் நாள், ஒரு சிறுமி செய்த அகலின் விளிம்பிலிருந்து நகம் அளவு சில்லு தானாகத் தெறித்து விழுந்தது. குழிக்குள் பாதி மிளகளவு வெள்ளைப் புள்ளி இருந்தது. அடுத்த இரண்டு நாளில் இன்னும் நான்கு உருப்படிகள் அப்படியே ஆயின. மண்ணுக்குள் காற்று தங்கிவிட்டதா, சூட்டை வேகமாக ஏற்றிவிட்டேனா?

மறுமொழி 1 (தென்காசி):
இரண்டுமில்லை. உள்ளீரமோ வேகமோ காரணமென்றால் சூளைக்குள்ளேயே வெடித்திருக்கும். அந்த வெள்ளைப் புள்ளி சுண்ணாம்பு. நம் பக்கத்துக் குளத்து மண்ணில் சுக்கான்கல் துணுக்கும் நத்தை ஓடும் கலந்திருப்பது வழக்கம். நீங்கள் சுட்ட சூட்டில் அவை நீற்றாத சுண்ணாம்பாகி, பிறகு காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சிப் பருத்து, மேலிருக்கும் மண்ணைத் தள்ளிவிடுகின்றன. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காய்ந்த மண்ணை உடைத்து அதன்மேல் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் ஐயமே வேண்டாம்.

மறுமொழி 2 (காருகுறிச்சி பக்கம்):
தம்பி சொல்வது சரிதான். எங்கள் வீட்டில் மண்ணைக் காலால் மிதிக்கும்போதே, உள்ளங்காலில் உறுத்துகிற கல்லைப் பொறுக்கி எறிந்துவிடுவார்கள். கையால் மட்டும் பிசைகிற உங்களுக்கு அது பிடிபடாது. அதனால் மண்ணை நன்றாகக் காயவைத்து, உடைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கூழாகக் கரைந்தபின் கண் நெருங்கிய சல்லடையில் வடிகட்டுங்கள். ஈரமண்ணை அப்படியே ஊறப்போட்டால் கட்டி கரையாது. வடித்த மண்ணில் சொரசொரப்புப் போய்விடும் என்பதால், சலித்த குறுமணலைத் திரும்பச் சேர்க்காவிட்டால் காயும்போது பிளக்கும். பத்துப் பங்கு மண்ணுக்கு ஒரு பங்கில் தொடங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நாங்கள் வைக்கோலும் விறகும் போட்டுச் சுடும் சூடு உங்கள் சூளையளவு ஏறாததால், சிறு துணுக்குகள் கல்லாகவே தங்கிவிடுவதும் உண்டு. 950-இல்தான் சுடுவேன் என்றால், கை பொறுக்கும் சூட்டில் எடுத்தவுடன் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி, குமிழி நிற்கும் வரை விடுங்கள். சிறு துணுக்குகளின் தொல்லை பெரும்பாலும் அடங்கும்; பெரிய கல்லுக்கு இந்த வைத்தியம் எடுபடாது.

கேட்டவர்:
அண்ணாச்சி, மிக்க நன்றி. வினிகர் விட்டதும் மண்ணில் ஏழெட்டு இடங்களில் பொரிந்தது. அதைப் பிள்ளைகளையே செய்யவைத்தேன். சக்கரத்தில் உட்காரக் காட்டிய ஆர்வத்தை விட இதற்கு அதிகம் காட்டினார்கள். மீதி ஒன்றரை மூட்டையும் இப்போது மொட்டைமாடியில் காய்கிறது.