டெட்டனஸில் உயரும் இரத்த நொதிகளுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

டெட்டனஸ் நோயாளியின் இரத்தத்தில் உயரும் கிரியேட்டின் கைனேஸ் என்ற தசை நொதி முதலியவற்றைக் ‘கடுமைகாட்டி நொதிகள்’ எனலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். ‘தீவிரம்’ என்பதைத் தவிர்த்தது நன்று. திடீரெனத் தோன்றிக் குறுகிய காலம் நிற்கும் நோய்களையும் மருத்துவத் தமிழ் ‘தீவிர’ என்றே அழைக்கிறது. ஆனால் இந்நொதி காட்டுவது நோயின் கடுமையை அன்று.

காயத்தில் வளரும் கிளாஸ்டிரிடியம் டெட்டனி என்ற பாக்டீரியா சுரக்கும் நச்சு, தண்டுவடத்தில் தசை இறுக்கத்தை அடக்கும் நரம்புச் செய்திப் பொருள்களான கிளைசினும் காபாவும் வெளிப்படாமல் தடுத்துவிடுவதால், அடக்குவாரற்ற தசைகள் மீண்டும் மீண்டும் இறுகி, இழைகளின் உறை சிதைந்து, உள்ளிருந்த நொதி இரத்தத்தில் கசிகிறது. நாம் அளப்பது அந்தக் கசிவைத்தான். தசையில் ஊசி போட்டாலே கிரியேட்டின் கைனேஸ் சற்று ஏறும். இந்நோய்க்குரிய எதிர்நச்சுப் புரதமும் தசையில்தான் செலுத்தப்படுகிறது. மாறாக, தசைத் தளர்த்தி மருந்தால் இசிவு அடங்கி நொதி இறங்கிவரும் வேளையிலும், இதயம், இரத்தக்குழாய் போன்றவற்றைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகள் நிலைகுலைந்து இரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கக்கூடும். டெட்டனஸின் கடுமையை நான்கு படிகளாகப் பிரிக்கும் ஆப்லெட் வகைப்பாட்டில் மிகக் கடுமையான நான்காம் படியைப் பிரித்துக் காட்டுவது இந்த நிலைகுலைவே. அதன் எந்தப் படியிலும் நொதி அளவு இடம்பெறவில்லை.

ஆகவே ‘தசைக்கசிவு நொதி’ என்பது என் பரிந்துரை. எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியைக் கல்லீரல் பரிசோதனைப் பட்டியலில் மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு, அது தசையிலிருந்தும் வரலாம் என்பதை இப்பெயரே உணர்த்திவிடும். சிறுநீரகத்தைப் பாதிக்கவல்ல மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் இதே வழியில் கசிவதால், நொதி பன்மடங்கு உயர்ந்தால் சிறுநீரின் நிறத்தையும் அளவையும் கவனிக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதனோடு பொருந்துகிறது. லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியை இத்தொகுப்பில் சேர்க்கத் தயங்குகிறேன். இரத்த மாதிரியில் சிவப்பணுக்கள் உடைந்தாலே அது ஏறிவிடும்.

நோய்ப் பெயரை டெட்டனஸ் என்றே விடலாம். தடுப்பூசி அட்டவணைகளில் வரும் ‘ரண ஜன்னி’ காயத்தை நினைவூட்டினாலும், ஜன்னி என்றதும் காய்ச்சலும் பிதற்றலுமே நினைவுக்கு வருகின்றன. டெட்டனஸ் நோயாளியோ பெரும்பாலும் முழு நினைவோடு வலியை அனுபவிப்பவர்.

‘கடுமைகாட்டி’யைக் கைவிட வேண்டியதில்லை. ஆப்லெட் போன்ற படிநிலைகளுக்கு அதை ஒதுக்கி வைக்கலாம்.