பார்ஸ்னிப்: முளைப்பு மோசம், கிழங்கு கவட்டை, இனிப்பும் இல்லை. எங்கே தப்பு?

கொத்துமண்:
பார்ஸ்னிப் (கேரட் போன்ற வெளிர்நிறக் கிழங்கு) அறுவடை முடிந்தது. குறைகளை வரிசையாகச் சொல்கிறேன். விதைத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் முளைத்தது. வந்த கிழங்குகளில் பாதிக்கு மேல் இரண்டு மூன்று கால்களாகப் பிரிந்திருக்கின்றன. சிலவற்றின் தோள்பட்டையில் துரு நிறத்தில் தொடங்கிக் கருத்துப்போன சொரசொரப்பு. நல்லதாகத் தெரிந்ததைச் சமைத்தால் இனிப்பில்லை, நடுவில் கட்டை. மீதியைக் கூடையில் வைத்தேன், பத்து நாளில் வதங்கி வளைகிறது.

விவரம்: பாத்தி உயரம் 20 செ.மீ., அடியில் கெட்டித் தரை. விதைப்பதற்கு மூன்று வாரம் முன்பு மாட்டெரு கலந்தேன். விதை போன பருவத்துப் பாக்கெட்டில் மிஞ்சியது. இலை மட்டும் அபாரமாக வந்தது.

வேர்நாடி:
கடைசிப் பத்தியிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

பார்ஸ்னிப் விதைக்கு ஆயுள் ஒரு வருடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேரட் விதையை மூன்று வருடம் வைத்துப் போடலாம், இதைப் போட முடியாது. மிஞ்சியதைத் தூக்கி எறிய மனம் வராவிட்டால் முளைகட்டிப் பாருங்கள். ஈரத் தாளில் பரப்பி, மூடிபோட்ட டப்பாவில் 15 முதல் 20 டிகிரி வெப்பத்தில் வையுங்கள். ஒரு வாரத்திலிருந்து தினமும் பார்க்க வேண்டும். வேர்முனை 3, 4 மி.மீ. எட்டியதும் எடுத்து நட்டுவிட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் எடுக்கும்போதே முனை ஒடியும், ஒடிந்த முனையிலிருந்துதான் கவட்டைக் கிழங்கு. நாற்று விட்டுப் பிடுங்கி நடுவது இதனால்தான் இந்தப் பயிருக்கு ஆகாது.

நேரடி விதைப்பென்றால் மண் குறைந்தது 8, 10 டிகிரி சூடேறும்வரை பொறுங்கள். குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும்தான், ஆனால் மாதக்கணக்கில் இழுத்து அதற்குள் பாதி அழுகிவிடும். இதமான மண்ணிலேயே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இடையில் ஒரு நாள்கூட மேல்மண் காயக்கூடாது. ஆழம் 1 செ.மீ., மிஞ்சினால் ஒன்றரை. மூடுவதற்குத் தோட்ட மண் வேண்டாம். மழை பெய்து காய்ந்தால் ஓடு கட்டும், இந்த முளைக்கு அதை உடைக்கும் வலு கிடையாது. சலித்த மக்கு உரமோ மணலோ போடுங்கள். அதே வரிசையில் இடையிடையே முள்ளங்கி விதை தூவினால் நாலைந்து நாளில் அது முளைத்து வரிசை எங்கே என்று காட்டும், களை கொத்தும்போது பார்ஸ்னிப் முளையையும் சேர்த்துக் கொத்தும் ஆபத்து இல்லை.

இனி கவட்டை. ஆணிவேர் கிழங்காகப் பருப்பதற்கு முன்பே ஆழம் பார்த்துவிடும். அந்த முனை கல்லிலோ கெட்டித் தரையிலோ முட்டினால் பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும். 20 செ.மீ. பாத்திக்கு அடியில் கொத்தாமல் விட்ட தரை என்றால் வேறெப்படி வரும்? குறைந்தது 35, 40 செ.மீ. ஆழம் பொலபொலவென்று இருக்க வேண்டும். மக்காத எருவும் இதே வேலையைச் செய்யும், கூடவே தழைச்சத்து மிகுந்து இலையாகத் தள்ளும். உங்கள் அபாரமான இலைக்கு அதுதான் காரணம். எருவை முந்தைய பயிருக்கு இட்டுவிட்டு, அந்த இடத்தில் பார்ஸ்னிப் போடுங்கள்.

மண்ணை அவ்வளவு ஆழம் திருத்த முடியாதென்றால் கடப்பாரையை 60 செ.மீ. இறக்கிச் சுழற்றி, வாய் 8 செ.மீ. அகலமுள்ள கூம்புக் குழி செய்யுங்கள். மணலும் சலித்த மக்கு உரமும் சமபங்கு நிரப்பி, குழிக்கு மூன்று விதை. போட்டிக்கு வளர்க்கிறவர்கள் செய்வது இதுதான். சமையலுக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையில்லை என்பது என் கட்சி. 20 செ.மீ. நீளக் கிழங்கு போதும், குட்டை ரகமும் கிடைக்கிறது.

நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைக்கும்போது பிடுங்காதீர்கள், தரைமட்டத்தில் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும், நசுங்கிய இலை வாசம் கேரட் ஈயையும் கூப்பிடும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10. பெரிய கிழங்கு வேண்டுமானால் 15.

நிழல்வலை:
தோள்பட்டைக் கருப்பு, கேங்கர் என்ற அழுகல் நோய். பெரும்பாலும் இட்டர்சோனிலியா என்ற பூஞ்சை. இலைப்புள்ளிகளிலிருந்து வித்துகள் மழையோடு இறங்கி, கிழங்கின் மேல்பகுதியில் உள்ள வெடிப்பு வழியாகவோ கேரட் ஈயின் புழு துளைத்த இடம் வழியாகவோ உள்ளே போகும். வந்தபின் மருந்து இல்லை, வராமல் பார்ப்பதுதான்.

மண் புளிப்பாக இருந்தால் சுண்ணாம்பு இட்டு பி.எச். அளவை 6.5, 7-க்குக் கொண்டுவாருங்கள். தோள் வெளியே தெரியாதபடி லேசாக மண் அணையுங்கள். களைக்கொத்து கிழங்கில் படவே கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் தோல் வெடிக்கும், அந்த வெடிப்பே வாசல். வறண்ட காலத்தில் சதுர மீட்டருக்கு வாரம் 10 லிட்டர் சீராகக் கொடுங்கள். ஈக்கு, 1.3 மி.மீ. கண்ணுள்ள வலையை விதைத்த அன்றே போர்த்தி விளிம்பை மண்ணில் புதைக்க வேண்டும். கேரட், செலரி, பார்ஸ்லி எல்லாம் ஒரே குடும்பம், அவை இருந்த இடத்தில் மூன்று வருடத்துக்கு வேண்டாம்.

வேர்நாடி 10 செ.மீ. இடைவெளி சொன்னதை ஆமோதிக்கிறேன், ஆனால் காரணம் வேறு: நெருக்கத்தில் வளர்ந்த சிறு கிழங்குகளுக்குக் கேங்கர் குறைவாக வரும். சீக்கிரம் விதைத்தவைக்கு அதிகம். விதைப்பை மூன்று, நான்கு வாரம் தள்ளிப் போட்டால் கொஞ்சம் எடை இழப்பீர்கள், சுத்தமான கிழங்கு எடுப்பீர்கள். தாங்கும் திறனுள்ள ரகங்களில் கிளாடியேட்டர், ஜாவெலின், ஆவன்ரெசிஸ்டர் மூன்றையும் தேடிப் பாருங்கள்.

குளிர்கிடங்கு:
இனிப்பில்லாததற்கு விதை, எரு எதுவும் காரணமில்லை, அறுவடை நேரம்தான். பார்ஸ்னிப் மாவுச்சத்தாகச் சேமித்து வைத்ததைக் குளிர் பட்ட பிறகுதான் சர்க்கரையாக மாற்றும். இலை வாடியதும் தோண்டாமல், சில உறைபனி இரவுகள் கடந்தபின் தோண்டுங்கள். உறைபனியே இல்லாத இடமென்றால், தோண்டிய கிழங்கை 0, 1 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தாலும் அதே மாற்றம் நடக்கும்.

வதங்கலுக்கு வருவோம். பார்ஸ்னிப் தோல் மெல்லியது, காற்றோட்டமான கூடை அதற்கு எமன். உருளைக்கிழங்குக்குச் சரியான இடம் இதற்குச் சரிப்படாது. வேண்டியது 0, 1 டிகிரி குளிரும் 95 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும். இலையை 1 செ.மீ. காம்பு விட்டு வெட்டுங்கள். கழுவாதீர்கள், ஒட்டிய மண்ணை உதிர்த்தால் போதும். தோண்டும்போது கருவி குத்தியது, கேங்கர் வந்தது, கவட்டை எல்லாவற்றையும் முதலில் சமைக்க ஒதுக்கிவிடுங்கள். மீதியைப் பெட்டியில் ஒன்றோடொன்று படாமல் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு ஈரமணல். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் வரக்கூடாது, அந்த அளவு ஈரம். இப்படி நான்கு முதல் ஆறு மாதம் தாங்கும். ஆப்பிள், பேரிக்காய் அருகில் வேண்டாம், அவை விடும் எத்திலீன் வாயு கிழங்கைக் கசக்க வைக்கும்.

மண்ணிலேயே விடுவது இதைவிடச் சுலபம். மேலே 20, 30 செ.மீ. வைக்கோல் மூடாக்கு போட்டால் தரை இறுகாது, வேண்டியபோது தோண்டலாம். ஒரே எல்லை: வெப்பம் திரும்பிப் புதுத் தளிர் தலைகாட்டுவதற்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். தளிர்விட்டால் சேர்த்த சர்க்கரை மேலே போய்விடும், நடு மரக்கட்டையாகும்.

பச்சைச்சாறு:
யாரும் சொல்லாததால் சொல்கிறேன். இலை, தண்டின் சாற்றில் ஃபியூரனோகூமரின் என்ற பொருள் இருக்கிறது. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் ஒரு நாள் கழித்துச் சிவந்து கொப்பளிக்கும், அந்தக் கறை மாதக்கணக்கில் நிற்கும். இலையைக் கையாளும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள், முடிந்தால் வெயில் தாழ்ந்தபின் செய்யுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாளாவது அந்த இடத்தை மூடி வையுங்கள். இரண்டாம் வருடம் விதைக்காகப் பூக்க விட்டால் ஆளுயரத்துக்கு நெருங்கி வரும், அப்போது முகத்திலும் படும்.

தீக்கரண்டி:
சமையல் பக்கம். தலைப்பகுதி 5 செ.மீ.க்கு மேல் தடித்திருந்தால் நீளவாக்கில் நாலாக வகுந்து நடுக்கட்டையைச் சீவி எடுத்துவிடுங்கள். சிறியதில் தேவையில்லை. தோலை மெல்லியதாகச் சீவுங்கள், தோலுக்கடியில்தான் வாசம். வெட்டியது காற்றில் பழுப்பாகும், எலுமிச்சைச்சாறு சேர்த்த நீரில் போடுங்கள்.

ஓவனில் வாட்டுவதானால் விரல் தடிமனில் வெட்டி, உப்பு நீரில் 3, 4 நிமிடம் வேகவிட்டு வடித்து, ஆவி போகும்வரை விரியவிடுங்கள். ஈரத்தோடு போட்டால் மொறுமொறுப்பு வராது. 200 டிகிரியில் தட்டையும் எண்ணெயையும் முன்பே சூடாக்கி, ஒற்றை அடுக்காகப் பரப்பி 35 நிமிடம், பாதியில் ஒருமுறை திருப்பவும். கிலோவுக்கு 3 மேசைக்கரண்டி எண்ணெய். உருளையை நம்பி அதே தட்டில் அதே நேரத்துக்குப் போடாதீர்கள். இதில் சர்க்கரை அதிகம், பத்து நிமிடம் முந்திக் கருகும், கருகினால் கசப்பு. தேன் பூசுபவர்கள் கடைசி 5 நிமிடத்தில் பூசவும்.

மசிப்பதற்கு நீரில் வேகவைக்க வேண்டாம், இனிப்பு நீரோடு போய்விடும். ஆவியில் 12 முதல் 15 நிமிடம், வெண்ணெய், மிளகு, அவ்வளவுதான். சூப்புக்கு அரைக் கிலோ கிழங்கு, ஒரு வெங்காயம், காய்கறி வேகவைத்த நீர் ஒரு லிட்டர். வெங்காயம் வதங்கும்போது ஒரு தேக்கரண்டி சீரகத்தூள் போட்டால் திகட்டாது.

கொத்துமண்:
எல்லோருக்கும் நன்றி. வதங்கிப்போனவற்றை என்ன செய்வது? ஃப்ரீசரில் போடலாமா?

குளிர்கிடங்கு:
வதங்கியது மட்டும்தான் என்றால் குளிர்ந்த நீரில் ஒரு மணிநேரம் ஊறவிட்டால் ஓரளவு நிமிரும், சூப்புக்குப் போதும். கொழகொழப்போ பூசணமோ இருந்தால் சீவித் தின்னாமல் மக்குக்குழிக்கு அனுப்புங்கள், பச்சைச்சாறு சொன்ன அதே பொருள் பூஞ்சை தாக்கிய கிழங்கில் கூடுதலாக உருவாகும். ஃப்ரீசருக்கு உறுதியானதை மட்டும் எடுங்கள். தோல் சீவி 1 செ.மீ. துண்டுகளாக்கி, கொதிநீரில் 2 நிமிடம், உடனே ஐஸ் நீரில் 2 நிமிடம், துடைத்துத் தட்டில் பரப்பி உறையவிட்டுப் பையில் கட்டுங்கள். எட்டு, பத்து மாதம் நிற்கும். சமைக்கும்போது உருகவிடாமல் அப்படியே போடுங்கள்.