கர்ப்பப்பை எடுத்த பிறகு சலம் அடக்க ஏலாமல் போனது: என்ர கதை, உங்கட கதையளையும் எழுதுங்கோ

வணக்கம். நான் ஒட்டுசுட்டான் பக்கம், வயசு 47. கட்டியால கர்ப்பப்பையை எடுத்து இந்த ஆவணியோட ரெண்டு வருசம். மாதம் மாதம் கொட்டின ரத்தம் நிண்டது, உடம்பும் தேறிச்சு. ஒப்பரேசனில எனக்கு ஒரு குறையுமில்லை. சொல்ல வந்தது அதுக்குப் பிறகு நடந்தது.

சலம் போற ட்யூப் எடுத்த அண்டைக்கு எரிவு இருந்தது, ரெண்டு நாளில மாறிட்டுது. மூண்டாம் மாதம் போலதான் இந்த அந்தரம் தொடங்கினது. முட்டுது எண்டு தெரியிறதும் ஓடுறதும் ஒண்டா இருக்கும். கக்கூஸ் கதவுக் கொழுக்கியில கை வைக்கேக்க நனைஞ்சிடும். முத்தையன்கட்டு வாய்க்காலில தண்ணி திறந்து விட்டவுடன வயல் வரம்பில அந்தச் சத்தத்தைக் கேட்டே நான் குந்தியிருக்கிறன். ஆரிட்டச் சொல்லுறது? இவருக்கும் சொல்லேல்லை.

நான் செய்த பிழை, தண்ணியை நிப்பாட்டினது. கச்சான் பிடுங்கப் போற நாளில விடிய ஒரு தேத்தண்ணியோட சரி, பொழுதுபடுமட்டும் ஒரு சொட்டும் இல்லை. முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினாலும் அப்பிடித்தான். போன வைகாசி வற்றாப்பளைப் பொங்கலுக்கு அப்பிடியே வெயிலுக்குள்ள போய், இரவிரவா நிண்டு கும்பிட்டிட்டு வந்தன். அடுத்த நாள் நடுக்கக் காய்ச்சல், இடுப்புப் பின்பக்கம் உளைவு, சலம் கலங்கி மணந்தது. வாட்டில வைச்சு ஊசி போட்டவை. தண்ணி குறைய சலம் கடுமையாகி, அந்தக் கடுமையே சலப்பையை இன்னும் உறுத்தும், கிருமியும் தங்கும் எண்டு அங்கதான் விளங்கப்படுத்திச்சினம். அடக்கிறன் எண்டு நினைச்சுக் கூட்டித்தான் வைச்சிருக்கிறன்.

பிறகு கிளினிக்கில ஒரு இளம் டொக்டர் பிள்ளை கேட்டவ: "அம்மா, இருமினால் தும்மினால் வழியுதோ, அவசரம் வந்து அடக்க ஏலாமல் போகுதோ, இல்லாட்டி ஒண்டும் தெரியாமலே எந்நேரமும் நனைஞ்சு கிடக்குதோ?" நான் எல்லாத்தையும் "சலம் போகுது" எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தனான். மூண்டும் மூண்டு வருத்தமாம், மூண்டுக்கும் வைத்தியம் வேறயாம். மூண்டு நாளைக்கு எழுதிக்கொண்டு வாங்கோ எண்டா. மகளின்ர பழைய கொப்பியில நேரம், எவ்வளவு குடிச்சன், எவ்வளவு போச்சு, எப்ப நனைஞ்சது எல்லாம் எழுதினன். அளக்க ஒரு சோடாப் போத்தலை வெட்டி எடுத்தனான். முதல் நாள் 17 தரம்! ஒவ்வொரு தரமும் 100 மில்லிலீற்றர் கூட இல்லை. சலம் போன கையோட ஸ்கான் பண்ணிப் பார்த்தவை, உள்ளுக்கு மிச்சம் தங்கேல்லை. அப்ப இது சலப்பை அவசரப்படுற வருத்தம், பழக்கினால் அடங்கும் எண்டு சொன்னவ.

பிசியோ மிஸ் பயிற்சி காட்டித் தந்தவ. காத்துப் பிரியாமல் அடக்கிற மாதிரி கீழ்த் தசையை உள்ளுக்கு இழுத்துப் பிடிச்சு விடவேணும். ஒருக்கால் 8 தரம், ஒரு நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாதம். சலம் போய்க்கொண்டிருக்கேக்க நிப்பாட்டிப் பழகக்கூடாது எண்டு கண்டிப்பாச் சொன்னவ. முட்டினவுடன ஓடாமல் அப்பிடியே நிண்டு, தசையை இறுக்கி, அந்த அலை இறங்கினாப் பிறகு ஆறுதலா நடக்கச் சொன்னவ. முதல் கிழமை அழுகைதான் வந்தது. 40 நிமிசத்தில தொடங்கி, கிழமைக்குப் பத்து, பதினைஞ்சு நிமிசமாக் கூட்டி, நாலாம் மாதம் ரெண்டரை மணித்தியாலம் பிடிச்சன். சாயம் கூடின தேத்தண்ணி ஆறு குடிச்சனான், ரெண்டாக்கிட்டன். சலப்பை அவசரத்துக்கெண்டு தந்த குளிசையால வாய் காய்ஞ்சு மலமும் இறுகிச்சு. மலம் இறுகினால் சலப்பையும் அந்தரப்படும், இதை ஒருத்தரும் முதல் சொல்லேல்லை. குரக்கன் பிட்டும் முருங்கையிலையும் பப்பாப்பழமும்தான் எனக்குக் கைகொடுத்தது.

நெருஞ்சிமுள் அவிச்சுக் குடி எண்டு சொல்லாத ஆளில்லை. அது சலத்தைக் கூட்டிற மருந்தெல்லோ? சலம் குறைஞ்ச ஆளில்லையே நான். தயவுசெய்து டொக்டரைக் கேக்காமல் குடியாதேங்கோ.

வலப்பக்க அடிவயித்தில ஒரு இழுவை இப்பவும் இருக்கு, தண்ணி வாளி தூக்கினால் தெரியும். ஸ்கானில ஒண்டுமில்லை. உள்காயம் ஆறேக்க ஒண்டோடொண்டு ஒட்டியிருக்கலாம், அது ஸ்கானில தெரியாது எண்டு சொல்லுகினம். இதோட இருந்தவை ஆரும் இருக்கிறியளோ?

மல்லாவியிலயிருந்து:

அக்கா, அந்த மூண்டாவது கேள்வி எனக்குரியது. எனக்கு 39. கர்ப்பப்பை எடுத்துப் பத்தாம் நாள் தொடங்கினது. நோ இல்லை, அவசரம் இல்லை, நிண்டாலும் படுத்தாலும் வழிஞ்சுகொண்டேயிருக்கும். உடம்பு பலவீனம் எண்டு வீட்டில சொல்லிச்சினம். முதல் காட்டின இடத்தில கிருமி எண்டு குளிசை தந்தவை. ரெண்டு மாதம் சாக்கு விரிச்சுப் படுத்தன். மணக்கும் எண்டு ஒரு செத்தவீட்டுக்கும் போகேல்லை, சொந்தத் தாய்மாமன்ர செத்தவீடு அது.

எங்கட குடும்பநல மாது அக்கா வேற அலுவலா வந்தவ, நான் இருந்த பாயைப் பார்த்திட்டுக் கேட்டா. அவ தந்த கடிதத்தோடதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனது. சலப்பைக்குள்ள நீல மருந்து விட்டுப் பார்த்தவை, உள்ளுக்கு வைச்ச பஞ்சு நீலமா வந்தது. சலப்பைக்கும் பிறப்புவாசலுக்கும் இடையில சின்ன ஓட்டை. புண் ஆறவேணும் எண்டு பொறுத்து, மூண்டு மாதத்தால ஒப்பரேசன் செய்து தைச்சவை. பிறகும் மூண்டு கிழமை ட்யூப். அது எடுத்த அண்டு இரவு காய்ஞ்ச சீலையோட விடிஞ்சது. நான் நித்திரை கொள்ளாமல் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தனான்.

எந்நேரமும் நனையிற ஆக்கள் பயிற்சி செய்துகொண்டு நாளைக் கடத்தாதேங்கோ. ஓட்டை பயிற்சியால அடையாது.

புதுக்குடியிருப்பிலயிருந்து (அப்பா சொல்ல மகன் எழுதுறன்):

தங்கச்சி, 2009 யுத்தத்தில செல்குண்டுத் துண்டு இடுப்பால பூந்து குடலையும் சலப்பையையும் கிழிச்சது. தைச்சுப் பிழைச்சன். நீங்கள் சொல்லுற ஒட்டல் எனக்கு ரெண்டு தரம் குடலையே மறிச்சது. இழுவை வேற, இது வேற. வயிறு பானை மாதிரி ஊதும், அலை அலையாக் குத்தும், சத்தி எடுக்கும், காத்தும் பிரியாது மலமும் போகாது. ரெண்டாந்தரம் வாய்வு எண்டு உள்ளி அவிச்சுக் குடிச்சுக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கிடந்திட்டன், அது பெரிய பிழை. ஆஸ்பத்திரியில மூக்கால குழாய் விட்டு, வாய்க்கு ஒண்டும் தராமல் சேலைன் ஏத்தி, நாலு நாளில அவிண்டது. வெட்டேல்லை.

இன்னொண்டு. உங்களுக்குக் கைகொடுத்த சாப்பாடு எனக்கு ஆகாது. ஒருக்கால் மறிச்சது பனங்கிழங்கு ரெண்டு மூண்டு திண்டாப் பிறகுதான். இப்ப தும்பு எடுத்து, இடிச்சு, கொஞ்சமாத்தான். கீரையும் நல்லா அவிச்சு மசிச்சுத்தான். குடல் மறிச்ச ஆக்கள் உங்கட டொக்டரைக் கேட்டுச் சாப்பிடுங்கோ.

ஒட்டுசுட்டானிலயிருந்து திரும்பவும்:

ஐயா, அந்த அடையாளங்களைக் கிளினிக் கொப்பியின்ர பின் மட்டையில எழுதி வைச்சிட்டன். என்ர இழுவைக்குச் சத்தியும் ஊதலும் இல்லை, எண்டாலும் இவருக்கும் வாசிச்சுக் காட்டினன். முழுக்கதையும் அண்டைக்குத்தான் அவருக்குச் சொன்னது.

மல்லாவித் தங்கச்சி, உங்கட எழுத்தை வாசிச்சாப் பிறகு எனக்கு எங்கட அயலில ஒரு பிள்ளையின்ர நினைவு வந்தது. வெட்டிப் பிள்ளை எடுத்து மூண்டு கிழமை. கொடியில எந்நேரமும் சீலையாக் கிடக்கும், நான் குழந்தையின்ர எண்டு நினைச்சிருந்தனான். பின்னேரம் போய், டொக்டர் என்னட்டக் கேட்ட மாதிரியே கேட்டன். பிள்ளை நிலத்தைப் பார்த்துக்கொண்டு "மூண்டாவது" எண்டது. குடும்பநல மாதுவுக்கு ஃபோன் எடுத்தாச்சு. நாளைக்கு முதல் பஸ்ஸில அவவோட நானும் போறன், குழந்தையை அவவின்ர தாய்க்காரி பாப்பா. ரெண்டு போத்தல் தண்ணி நிரப்பி வைச்சிருக்கிறன், ஒண்டு அவவுக்கு, ஒண்டு எனக்கு. போட்டு வந்து எழுதுறன்.