கானா எல்லையிலிருந்து தியெபெலே போக வழி உண்டா?

புர்கினா ஃபாசோவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் தியெபெலே அரச குடியிருப்பைப் பார்க்கப் புறப்பட்டு, வடகானாவின் போல்கட்டாங்காவில் வழியில்லாமல் நிற்கிறேன். காசெனா மக்களின் அரச குடியிருப்பு அது. 2024ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செம்மண், வெள்ளைக் களிமண், கருப்புக்குக் கிராஃபைட் என்று பெண்களே சுவர்களைத் தீட்டி, மேலே நெரே என்ற மரத்தின் காய்களைக் கொதிக்கவைத்த சாற்றைப் பூசுவார்கள். அந்தக் கைவேலையை நேரில் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை.

பாகா எல்லை வரை வர ஓட்டுநர்கள் தயார், அதைத் தாண்டி ஒருவரும் வர மறுக்கிறார்கள். விசா கேட்டு எழுதினேன், பதில் இல்லை. பயணக் காப்பீடும் அந்த நாட்டுக்குச் செல்லாதாம். சரி என்று சிரிகு கிராமத்துக்குப் போய் அங்குள்ள சுவரோவியங்களைப் பார்த்தேன்; அருமைதான், ஆனால் தியெபெலேக்கு ஈடாகாது.

இந்திய பாஸ்போர்ட், பிரெஞ்சு தெரியாது, பிப்ரவரி கடைசி வரை இங்கே இருப்பேன்.

சமீபத்தில் பாகா எல்லையைக் கடந்து, புர்கினா ஃபாசோவின் 'போ' (Pô) என்ற ஊர் வழியாகத் தியெபெலே போய் வந்தவர்கள் விசாவுக்கும் வண்டிக்கும் என்ன ஏற்பாடு செய்தீர்கள்?