மியூவான் கருவியில் பொய் சிக்னல்: யாருக்காவது அனுபவம் உண்டா?

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் மாணவர்களோடு, விண்ணிலிருந்து பொழியும் மியூவான் என்ற நுண்துகளின் உந்தம் அளக்கும் கருவி ஒன்று கட்டுகிறோம். காந்தப்புலம் 0.5 டெஸ்லா, நீளம் 10 செ.மீ. இதில் 1 ஜிஇவி ஆற்றலுள்ள மியூவான் வெறும் 15 மில்லிரேடியன்தான் (ஒரு டிகிரிக்கும் குறைவு) வளையும், அதனால் பொய் சிக்னலுக்கு இடமே கொடுக்க முடியாது.

துகள் பாய்ந்தால் மினுங்கும் பிளாஸ்டிக் சிண்டிலேட்டர் தகடு இரண்டு, ஒவ்வொன்றும் 10க்கு 10 செ.மீ. இரண்டிலும் அந்த ஒளியைப் பிடிக்கும் மைக்ரோஎஃப்சி 60035 சென்சார், அதை இயக்கும் மின்னழுத்தம் (பயஸ்) 29 வோல்ட். தீபாவளி வரை ஒழுங்காக ஓடியது. தகடு ஒன்றுக்கு நிமிடத்துக்குச் சுமார் 100 துடிப்பு, கடல் மட்டத்தில் எதிர்பார்க்கும் அளவுதான். இப்போது ஏர்கோன் ஓடும்போதெல்லாம் இரண்டும் ஒரே நேரத்தில் துடித்து, கணக்கு பல மடங்கு ஏறுகிறது.

கறுப்பு டேப்பை மறுபடி சுற்றி இருட்டில் வைத்தாலும் அதே கதை. சூட்டினால் வரும் டார்க் கவுண்ட் (ஒளியே இல்லாமல் சென்சார் தானாகத் துடிப்பது) என்றால் குளிரில் குறைய வேண்டுமே! தகடுகளை அறையின் இரு மூலைக்குத் தள்ளியும் சேர்ந்தே துடிக்கின்றன, ஆக இது மியூவான் இல்லை. திரெஷோல்டை (கணக்கில் சேர வேண்டிய குறைந்தபட்ச சிக்னல் அளவை) ஏற்றினால் நிஜ சிக்னலும் போய்விடுகிறது. ஜாலான் பசாரில் வாங்கிய, கம்பியில் வரும் மின் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் கொஞ்சம்தான் குறைத்தது.

இரண்டுக்கும் ஒரே பூஸ்ட் கன்வர்ட்டரில் (மின்னழுத்தத்தை ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட்) இருந்துதான் பயஸ் போகிறது. தனித்தனி பேட்டரிக்கு மாறணுமா, தகட்டுக்கொரு ஆர்சி ஃபில்டர் (இரைச்சலை வடிகட்டும் ரெசிஸ்டர், கெபாசிட்டர் ஜோடி) போட்டாலே போதுமா?