புதுப்பிப்பு: 3.5 பிரிவில் திறனை மறைத்து ஆடுபவர்கள்

அமெரிக்காவில் எங்கள் ஊர் அமெச்சூர் பிக்கிள்பால் (சிறு மட்டையாலும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தாலும் வலைக்கு இருபுறமும் ஆடும் ஆட்டம்) போட்டியில், தம் ஆட்டத்திறனைத் தாமே 3.5 (இடைநிலை) என மதிப்பிட்டுப் பதிந்த இரட்டையர் எங்களை 11-1, 11-2 என வீழ்த்தியதை எழுதி, இப்படித் திறனை மறைப்பதைத் தடுக்கச் சென்ற மாதம் வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

சுயமதிப்பீட்டை விடுத்து, ஆட்ட முடிவுகளிலிருந்து கணக்கிடப்பட்டு 2 முதல் 8 வரை செல்லும் டூப்பர் (DUPR) திறன் மதிப்பெண்ணைக் கட்டாயமாக்குமாறு அமைப்பாளரிடம் கேட்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஆனால் தோற்ற ஆட்டங்களை மட்டும் பதிந்து மதிப்பெண்ணைத் தாழ்த்தலாம் என்பதால், அண்மைப் போட்டி முடிவுகளையும் அவர் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் அடுத்த உயர்நிலையான 4.0 பிரிவுக்கு மாற்றிவிடுகிறார்.

எதிர்பாராதது ஒன்று: அந்த இரட்டையரில், மூன்றாவது அடியை (சர்வீஸுக்கும் அதன் பதிலடிக்கும் அடுத்தது) வலையை உரசினாற்போல் எங்கள் கிச்சனுக்குள் (வலையை ஒட்டிய, பந்தைத் தரையில் படும் முன் அடிக்கக் கூடாத பகுதி) மெல்ல இறக்கிக்கொண்டே இருந்தவர் ஏமாற்றவில்லை. டென்னிஸிலிருந்து வந்து நான்கே மாதமான அவருக்குத் தம் நிலை உண்மையிலேயே தெரியவில்லை. அவரைச் சந்தேகித்ததற்கு நேரில் வருத்தம் தெரிவித்தேன்.