தம்பிக்கு சிஆர்பிஎஃப் கிடைத்திருக்கிறது, 'துணை ராணுவம்' என்ற சொல்லில் ஒரு குழப்பம்

கணியம்பாடிப் பெண் (கேள்வி):

பக்கத்து ஊர் கம்மவான்பேட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர்கள் இருக்கும் ஊர். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் போனதில்லை. இப்போது என் தம்பி மத்தியப் படைகளின் காவலர் வேலைக்கான எஸ்எஸ்சி ஜிடி தேர்வைத் தமிழிலேயே எழுதி (2024-இலிருந்துதான் அந்த வசதி) சிஆர்பிஎஃப்பில், அதாவது மத்திய ரிசர்வ் போலீஸ் படையில், தேர்வாகிவிட்டான், அடுத்த மாதம் பயிற்சி. அம்மா தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தார். நானும் ஒரு டப்பா எடுத்துப்போய் என்னோடு வேலை செய்யும் அக்காவிடம், "தம்பி துணை ராணுவத்தில சேர்ந்துட்டான்" என்று நீட்டினேன். அவர் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர். இனிப்பை எடுத்துக்கொண்டார், ஆனால் முகம் மாறிவிட்டது. "எங்கட பக்கம் அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தம்" என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து தேடிப் படிக்கிறேன், குழப்பம்தான் கூடுகிறது. சூடான், கொலம்பியா, இலங்கை என்று எல்லா ஊர்ச் செய்தியிலும் இதே சொல் வருகிறது, ஆனால் அவர்கள் செய்ததைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது. தம்பி சேரும் படையும் இவர்களும் ஒன்றா? இல்லையென்றால் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது? ராணுவமும் போலீசும் இருக்கும்போது இன்னொரு கூட்டத்துக்கு ஏன் துப்பாக்கி கொடுக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற ஹவில்தார்:

அம்மா, முதலில் தம்பிக்கு என் வாழ்த்து. நான் சிஆர்பிஎஃப்பில் 24 வருடம் இருந்தவன். 1939-இல் நீமச்சில் மன்னர் பிரதிநிதியின் போலீஸ் என்று தொடங்கியது, 1949-இல் தனிச் சட்டம் வந்து இந்தப் பெயர் ஆனது. பேச்சுவழக்கில் துணை ராணுவம் என்கிறோம், ஆனால் 2011-இல் உள்துறை அமைச்சகமே சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், ஐடிபிபி, சிஐஎஸ்எஃப், எஸ்எஸ்பி ஐந்தையும் மத்திய ஆயுதக் காவல் படைகள் என்றுதான் குறிப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. நாங்கள் போலீஸ்தான். உத்தரவு ராணுவத்திடமிருந்தும் நிர்வாகம் உள்துறையிடமிருந்தும் வருவது அசாம் ரைபிள்ஸ் என்ற வேறொரு படைக்குத்தான்.

இன்னொரு கூட்டம் எதற்கு என்று கேட்டீர்கள். தேர்தலிலும் கலவரத்திலும் எங்களை அனுப்புவது, உள்ளூரில் எங்களுக்கு மாமனும் இல்லை மச்சானும் இல்லை என்பதால்தான். காட்டுக்குள் போனால் அதுவே எங்கள் குறை. பாதை தெரியாது, பாஷை தெரியாது. 2010 ஏப்ரல் 6 அன்று சத்தீஸ்கரின் தண்டேவாடாவில் மாவோயிஸ்டுகள் தாக்கியதில் ஒரே காலையில் எங்கள் ஆட்கள் 75 பேரையும் மாநிலப் போலீஸ்காரர் ஒருவரையும் இழந்தோம். இப்படி இருக்கும்போது உள்ளூர்ப் பையன்கள் கையில் துப்பாக்கி கொடுத்துக் கூட்டிப்போனால் வேலை சுலபம் என்று யாருக்கும் தோன்றும். சத்தீஸ்கரில் 2005-இல் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகச் சல்வா ஜுடும் என்ற இயக்கம் தொடங்கியபோது அதுதான் நடந்தது. சிறப்புக் காவல் அலுவலர் என்று பெயர், மாதச் சம்பளம் கடைசியில்கூட 3,000 ரூபாய்தான். அந்தப் பையன்களுக்கு ஒவ்வொரு பாதையும் தெரியும், யார் வீட்டோடு தன் குடும்பத்துக்குப் பகை என்பதும் தெரியும். பழைய நிலத்தகராறு, பெண் கொடுக்காத கோபம் எல்லாம் துப்பாக்கியோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. கிராமங்கள் எரிந்தன.

சத்துவாச்சாரி வக்கீல்:

ஐயா சொன்னதற்குத் தொடர்ச்சியாக. நந்தினி சுந்தர் வழக்கில் 2011 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. அதிகம் படிக்காத பழங்குடி இளைஞர்களை அரைகுறைப் பயிற்சியோடு மாவோயிஸ்டுகளுக்கு எதிரே நிறுத்துவது அவர்கள் உயிருக்கே மரியாதை இல்லாத செயல் என்பது நீதிபதிகளின் கவலை. அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய மகேந்திர கர்மா 2013 மே மாதம் மாவோயிஸ்டுகளால் கொல்லப்பட்டார். ஊர் இரண்டாகப் பிரிந்த காயம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பிரித்துப் பார்க்க நான் பார்ப்பது ஒன்றுதான்: தப்பு நடந்தால் யார் மீது வழக்குப் போட முடியும்? சீருடைப் படையிலும் இது சுலபம் இல்லை. மத்திய ஆயுதப் படைகள் மீதான புகாரில் மனித உரிமை ஆணையம் நேரடியாக விசாரிக்க முடியாது, 1993 சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி மத்திய அரசிடம் அறிக்கைதான் கேட்க முடியும். இது மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் பக்கத்து தருமபுரி வாச்சாத்தியையே எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே போனது துணை ராணுவம்கூட இல்லை, வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும். பழங்குடி மக்களை அடித்துப் பெண்களை வன்கொடுமை செய்தது 1992-இல், 2011-இல்தான் தீர்ப்பு. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோனார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. 2023-இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அநியாயத் தாமதம். ஆனால் அன்றைக்கு யார் யார் பணியில் இருந்தார்கள் என்று அரசு ஏட்டில் பெயர் இருந்தது. முகமூடிக் கூட்டத்தை அனுப்பியிருந்தால் 269 என்ற எண்ணே கிடைத்திருக்காது.

ஆம்பூர்க்காரர்:

வக்கீல் சார், ஏட்டில் பெயர் இருந்தால் போதுமா? சூடானின் ஆர்எஸ்எஃப் என்ற துணை ராணுவப் படைக்கு 2017-இல் பாராளுமன்றமே சட்டம் போட்டது. டார்ஃபூரில் ஊர்களைக் கொளுத்திய ஜன்ஜாவீத் ஆட்களைத் திரட்டி 2013-இல் உருவாக்கிய படை அது. தளபதி ஹெமெட்டிக்குத் தங்கச் சுரங்கம், தனி வருமானம், சொந்த விசுவாசிகள். 2023 ஏப்ரல் 15 அன்று கார்ட்டூமில் அரசு ராணுவத்தோடே மோதினார்கள், லட்சக்கணக்கான மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.

முகாம் வாசி:

நான் நீங்கள் சொன்ன அக்கா இல்லை, ஆனால் அதே முகாம்தான். எங்கள் ஊரில் நாங்கள் சொல்லும் சொல் ஒட்டுக்குழு. ராணுவத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகிற தமிழ்க் குழுக்கள். சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவன் தலையாட்டினால் உங்களைக் கொண்டுபோவார்கள். அவனுக்குத் தலையாட்டி என்றே பெயர். அவன் நம் பாஷை பேசுகிறவன், நம் வீட்டில் சாப்பிட்டவனாகக்கூட இருக்கலாம். அதுதான் தாங்க முடியாதது.

என் சின்ன மாமாவை டியூஷன் போகும் வழியில் ஒரு குழு ஏற்றிப்போனது. அம்மம்மா ராணுவ முகாம் வாசலுக்குப் போனால், எங்களிடம் இல்லை, அவர்களைக் கேள் என்பார்கள். அவர்களிடம் போனால், ராணுவத்திடம் கொடுத்துவிட்டோம் என்பார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே நடந்தே அவருடைய கால் தேய்ந்தது. மாமா வரவில்லை. இலங்கை அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011-இல் சட்டவிரோத ஆயுதக் குழுக்களிடமிருந்து ஆயுதத்தைக் களையச் சொல்லித்தான் அறிக்கை கொடுத்தது. அதற்கு மூன்று வருடம் முன்பே அப்படி ஒரு குழுவிலிருந்து வந்த பிள்ளையான் கிழக்கு மாகாண முதலமைச்சர் ஆகியிருந்தார்.

உங்கள் தம்பி மேல் அந்த அக்காவுக்குக் கோபம் இருக்காது. அந்தச் சொல் காதில் விழுந்ததும் வேறு யாரோ நினைவுக்கு வந்திருப்பார்கள். போய்ப் பேசுங்கள்.

கணியம்பாடிப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. அம்மம்மா நடந்த நடையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தம்பியிடமும் முழுவதையும் வாசித்துக் காட்டினேன், அவன் வாச்சாத்தியைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன், இப்போதுதான் போனில் கேட்டேன், வரச் சொல்லிவிட்டார். ஹவில்தார் ஐயா, பயிற்சிக்குப் போகும் முன்பு அவன் உங்களிடம் ஒரு மணி நேரம் பேசினால் நன்றாக இருக்கும். எந்தப் பக்கம் இருக்கிறீர்கள், எப்போது வரலாம்?